மைக்செட்டின் பதினான்காவது பயணி

தீவில் சுற்றுலா வழிகாட்டிகள் முப்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். மைக்செட் என்றால் அவர் ஒருவர்தான். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் படகுத்துறை டீக்கடைக்காரர். ஒரு நாள் கடை முன்னால் நின்று "ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்று இவர் சொன்னபோது, வலது கை தன்னால் மடங்கி மைக்கைப் பிடிப்பது போல வாய்க்கு முன்னால் வந்து நின்றதாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையில் இருக்கத்தான் செய்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு எழுத்து வெளிறிப்போய்விட்டதால் அதை யாரும் படிக்க முடியாது. படிக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை.

அறுபத்தோரு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. காலை எட்டு மணிக்கு வேன் கிளம்பும். பதினான்கு பேர், ஐந்து கடற்கரை, மூன்று மலைமுனை, சாயங்காலம் ஐந்தரைக்குள் திரும்ப வேண்டும். எது முன்னால் எது பின்னால் என்பதெல்லாம் அவர் போட்ட வரிசை. கிழக்குக் கடற்கரைகளுக்குக் காலையிலேயே போய்விட்டால் தண்ணீர் அடிவரைக்கும் தெரியும். மதியத்துக்கு மேல் போனால் அதே தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். பெரிய முனைக்குப் பதினொன்றரைக்குள் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு கப்பலில் வந்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பெரிய பஸ்கள் வந்துவிடும், அப்புறம் கடல் தெரியாது, முதுகுதான் தெரியும். ஈரத் துணியோடு ஏறுகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, வளைவுச் சாலையில் வயிறு புரட்டுகிறவர்களுக்குப் பை, சிப்பி கிழித்த காலுக்குப் பிளாஸ்திரி எல்லாம் அவர் காலடியில் ஒரு நீலப் பெட்டியில் தயாராக இருக்கும்.

ஆனால் ஜனங்கள் அவர் வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வருவது பெட்டிக்காக இல்லை, வாய்க்காக. "வலது பக்கம் உட்கார்ந்தவங்க கொடுத்து வெச்சவங்க, உங்களுக்குக் கடல். இடது பக்கம் உட்கார்ந்தவங்க மனசை விட்டுடாதீங்க, உங்களுக்குப் பாறை. நல்ல பாறை, நான் உத்தரவாதம்" என்று கிளப்பும்போதே ஆரம்பிப்பார். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் அவருடைய வீட்டுக்காரிதான் இருப்பாள். பெரிய முனைக்குப் புதுசாகக் கல்யாணமான கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போன கதை முக்கியமானது. மூன்று பக்கமும் கடல், காற்று ஆளைத் தூக்குகிறது. இவர் பெருமையாக "எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். அவள் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "இவ்வளவு காத்து வீணாப் போகுதே, இங்க ஒரு கொடி கட்டினா எத்தனை துணி காயும்!" என்றாளாம். இந்தக் கதைக்குச் சிரிக்காத பயணியை அவர் இன்னும் பார்க்கவில்லை.

இதெல்லாம் அவளுக்கும் தெரியும். "நான் என்ன உங்க கடைச் சரக்கா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பாள். அவள் சொன்னதாக அன்றைக்குத் தான் அளந்துவிட்டதையெல்லாம் அவர் ஒப்பிப்பார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "இதை நான் சொல்லலையே!" என்பாள். "இனிமே சொல்லிடு" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறு நாள் வீட்டில் இருந்துவிட்டு மைக்செட் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள், பெரிய முனையில், வாய் தன் பாட்டுக்குப் பழகின தடத்தில் போய்விட்டது. "என் வீட்டுக்காரி இருக்காளே..." என்று ஆரம்பித்து, துணி காயப்போடும் இடம் வந்தபோதுதான் அவருக்கே உறைத்தது. ஜனங்களுக்கு என்ன தெரியும், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அவள் வீட்டில் இருந்தாள். அவர் திரும்பி வருவதற்குக் காத்திருந்தாள். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவிக்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. மறுநாளும் சொன்னார். அப்புறம் நிறுத்தவே இல்லை.

ஆக, எட்டு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் அவர் சம்சாரி. அதற்குப் பிறகு இரண்டு அறை வீடு, ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேசிப் பேசிக் களைத்த தொண்டையோடு பூட்டைத் திறப்பார். மறுநாள் காலை டிரைவரிடம் "கிளம்பலாமா?" என்று கேட்கிற வரைக்கும் அந்தத் தொண்டைக்கு வேலையே இல்லை.

அவருக்கு ஒரே ஒரு மகள். முப்பத்து மூன்று வயது, பெருநிலத்தில் பெரிய நகரத்தில் வேலை, கணவன், வாடகை வீடு. அம்மா காரியத்துக்கு வந்துபோனவள் அதற்குப் பிறகு வரவில்லை. வர மனசில்லாமல் இல்லை, லீவு கிடைத்தால்தானே. இப்போது அவளுடைய ஆபீசே ஏதோ பயிற்சி என்று எல்லோரையும் இந்தத் தீவிலிருக்கும் பெரிய ஓட்டலுக்கு அழைத்து வந்துவிட்டது. இரண்டு நாள் ராத்திரி வரைக்கும் பயிற்சி, மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்று மாலை ஆறு மணிப் படகில் திரும்ப வேண்டும்.

அந்த ஒரு நாளைத்தான் மைக்செட் நம்பியிருந்தார். அவளிடம் கேட்பதற்கு அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. "நான் உன்கூட வந்துடட்டுமா?" அவ்வளவுதான். ஒரு வருஷமாக இது தொண்டையில் நிற்கிறது. போனில் கேட்க முயன்றிருக்கிறார். "சாப்பிட்டியாம்மா?" என்பதைத் தாண்டி வண்டி நகர்ந்ததில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் ஆகும் என்று தீர்மானித்திருந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேனில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி, மாற்று ஆள் இல்லை என்று சுற்றுலா ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள்.

"அதனால என்னப்பா, நானும் டிக்கெட் வாங்கிட்டு வண்டியில வர்றேன்" என்றாள் மகள். "நீங்க வேலை பார்க்கிறதை நான் பார்த்ததே இல்லையே. ஆனா யார்கிட்டயும் நான் உங்க பொண்ணுன்னு சொல்லாதீங்க. எல்லாரையும் போல வர்றேன்."

பதிமூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள். அவள் பதினான்காவது. மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், பாறைப் பக்கம்.

காலையில் சட்டைக்குப் பொத்தான் போடும்போதே மைக்செட் ஒன்று முடிவு செய்திருந்தார்: இன்றைக்கு வீட்டுக்காரி கதை ஒன்றுகூடக் கிடையாது. செத்துப்போன அம்மா உயிரோடு வீட்டில் இருப்பதாக அப்பா ஊராரிடம் கதை விடுவதை மகள் கேட்டால் என்ன நினைப்பாள்? கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதானே? அப்படிப்பட்டவனை யார் வீட்டில் சேர்ப்பார்கள்?

முடிவு செய்வது சுலபம். முதல் கடற்கரையிலேயே தெரிந்துவிட்டது, அவளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மணலும் தண்ணீரும்தான் என்று. "இந்தக் கடற்கரை ஒன்றரை கிலோமீட்டர் நீளம்" என்றார். ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டாவது கடற்கரையில் "இங்கே அலை குறைவு" என்றார். அது அவர்களுக்கே தெரிந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று தலையோடு தலை சாய்ந்து தூங்க ஆரம்பித்தது. டிரைவர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். பத்து வருஷமாகக் கூட ஓட்டுகிறவர், வாய் திறப்பது அபூர்வம். இறங்கின இடத்தில் பக்கத்தில் வந்து, "அண்ணே, உடம்புக்கு என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. பொண்ணு உட்கார்ந்திருக்கா" என்றார் மைக்செட்.

டிரைவருக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டு டயரை உதைத்துப் பார்க்கப் போய்விட்டார்.

பெரிய முனைக்கு ஏறுகிற சாலையில்தான் சனி பிடித்தது. முன் வரிசையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு அம்மா, தாராள மனசும் தாராளக் குரலும் கொண்டவர், "சார், நீங்க வேற ஆளா?" என்று கேட்டார். "என் தங்கச்சி போன வருஷம் வந்தா. வண்டியில ஒருத்தர் அவர் வீட்டம்மாவைப் பத்திச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சாராம். அவர் வண்டிதான் வேணும்னு கேட்டு வாங்கினோம். அது நீங்கதானா, இல்லை எங்களை ஏமாத்திட்டாங்களா?"

வண்டி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. தூங்கின ஜோடிகூட எழுந்துவிட்டது. "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று நாலு பக்கமும் குரல். மைக்செட் கண்ணாடியில் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மகள் ஜன்னல் வழியாகப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க அதைத் தவிர ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று, அதுவும் இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார். "என் வீட்டுக்காரி..." என்ற சொல் வாயில் வந்ததும் குரலே மாறிவிட்டது. இறந்தகாலமாவது ஒன்றாவது! கொடி கட்டி, துணி காயப்போட்டு, அவளைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்று, முறைத்து, "இன்னைக்கும் காலையில என்னைப் பார்த்து என்ன கேட்டா தெரியுமா?" என்று போய்க்கொண்டே இருந்தார். வண்டி குலுங்கியது. மஞ்சள் தொப்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அம்மாவின் அதே முறைப்பு, அதே கை. அப்பா அச்சாகச் செய்துகாட்டுகிறாரே. மைக்செட்டுக்குத் தைரியம் வந்தது. காலையிலிருந்து காணாமல் போயிருந்த சந்தோஷமும் வந்தது. அதுதான் வினை.

"குழந்தைங்க எத்தனை சார்?" என்றார் மஞ்சள் தொப்பி.

"குழந்தைங்க இல்லைங்க" என்றார் மைக்செட். தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "இந்த ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கவே அவளுக்கு நேரம் பத்தலையாம்."

வண்டி வெடித்துச் சிரித்தது.

சொன்னது அவர் இல்லை, பதிமூன்று வருஷப் பழக்கம். மகள் படிப்புக்கு என்று தீவை விட்டுப் போன புதிதில், பயணிகள் கேட்டால் "ஒரு பொண்ணு இருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு விடுவார்களா? எங்கே இருக்கா, எப்ப வருவா, கடைசியா எப்ப வந்தா, நீங்க போய்ப் பார்க்கலையா? நாலாவது கேள்விக்குள் வண்டியில் ஒரு கனம் ஏறிவிடும். அதற்கப்புறம் என்ன சொன்னாலும் சிரிப்பு வராது. பேச்சுத் தொழிலில் அது ஆகாது. அதனால் பேச்சிலிருந்து அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிட்டார். வெட்டினது யாரை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கண்ணாடியைப் பார்த்தார். மகளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், மற்றவர்களைவிட ஒரு நொடி பிந்தி.

மதியச் சாப்பாடு நான்காவது கடற்கரையில், மர நிழலில் போட்ட நீள மேஜைகளில். எல்லோருக்கும் பொட்டலம் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, கழிப்பறைக்கு வழி காட்டிவிட்டு, மைக்செட் தன் பொட்டலத்தோடு மகள் இருந்த மேஜை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். பொட்டலத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா இன்னும் வீட்டுலதான் இருக்காங்களாப்பா?" என்றாள் அவள், மெதுவாக.

அவர் நூலைக் கீழே வைத்தார்.

"நான்தான் இல்லை, இல்லையா?"

"அது... வாய்ப் பழக்கம்மா. வேணும்னு சொல்லலை. நான்..."

"சார்! சார்!" என்று ஒருவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்தார். சிப்பி கிழித்திருந்தது. மைக்செட் நீலப் பெட்டியை எடுக்க ஓடினார். ரத்தத்தைத் துடைத்து, மருந்து போட்டு, ஒட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மகள் சாப்பிட்டு முடித்துவிட்டாள். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது எந்த இடம் சார்?" என்றாள் சிரித்துக்கொண்டே.

அவரைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அந்த 'சார்' அளவுக்கு வலித்திருக்காது. அவள் கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்யலாம். அழுதிருந்தால் கண்ணைத் துடைக்கலாம். டிக்கெட் வாங்கிய பயணியாக மரியாதையோடு பேசினால் என்ன செய்வது?

ஐந்தாவது கடற்கரையில் அவர் என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. ஜனங்கள் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியும். இனி எந்த முகத்தோடு அந்தக் கேள்வியைக் கேட்பது? இல்லாத மகளின் வீட்டுக்கு இல்லாத அப்பாவாகப் போய் நிற்பதா? கடைசி இடமான மேற்கு முனைக்கு வண்டி வந்து நின்றபோது மணி நாலு. எல்லோரும் இறங்கத் தயாரானார்கள். மைக்செட் எழுந்து, வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மைக்கை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் உட்காருங்க. நான் காலையில சொன்னதுல ஒரு தப்பு இருக்கு. அதைச் சரி பண்ணணும்" என்றார். "என் வீட்டுக்காரி செத்து மூணு வருஷமாச்சு."

அரை நொடி எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பிறகு பின் வரிசையில் புது மாப்பிள்ளை 'களுக்' என்றான். அதைத் தொடர்ந்து வண்டி மொத்தமும். காலையிலிருந்து சிரித்துச் சிரித்துப் பழகிய வயிறுகள், எங்கே சிரிக்க வேண்டும் என்று அவரே கற்றுக்கொடுத்திருந்தார். "இதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பாருங்க சார், தெரியும்!" என்று ஒருவர் கத்தினார்.

"நிஜமாத்தாங்க. எனக்கு ஒரு பொண்ணும் இருக்கா. இதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கா."

எல்லோரும் திரும்பினார்கள். மகள் எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "ஆமாங்க" என்றாள். "நான்தான் அந்தப் பொண்ணு."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. "நான் காலையிலேயே நினைச்சேன், இந்தப் பொண்ணு கம்பெனி ஆள்தான்னு! தனியா ஒருத்தி சுற்றிப் பார்க்க வருவாளா?" என்று மஞ்சள் தொப்பி தொடையைத் தட்டினார். "என்னமா நடிக்கறீங்க ரெண்டு பேரும்!" சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கி, மேற்கு முனையின் கம்பி வேலிக்குப் பக்கத்தில் போய்ப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். வண்டிக்குள் சிரிக்காதவர்கள் மூன்று பேர். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேச வேண்டியதைப் பேசுவதற்கு அதுதான் நல்ல நேரம். மைக்செட் மைக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவளும் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ "சார், எங்க எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ!" என்று கூப்பிட்டார்கள். போய் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது ஒவ்வொரு ஓட்டலாக இறக்கிவிட்டு, படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே முக்கால். அவளோடு வேலை செய்கிறவர்கள் ஏற்கெனவே படகில் ஏறிக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வர்றேன்பா. உடம்பைப் பார்த்துக்கங்க."

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"நான் உன்கூட வந்துடட்டுமா?"

அவள் அவரையே பார்த்தாள். கண் மளமளவென்று நிறைந்துவிட்டது.

"இதை இப்பவா கேக்கறீங்க?" என்றாள். "மூணு வருஷமா எங்க வீட்டுல ஒரு சின்ன ரூமைக் காலியா வெச்சிருந்தேன்பா. கட்டில் வாங்கிப் போட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பார்த்தேன். போன் பண்றப்பல்லாம் நல்லா இருக்கேன், எனக்கு என்ன குறைன்னே சொன்னீங்க. உங்களுக்கு இந்த ஊரை விட்டு வர இஷ்டமில்லைன்னு நினைச்சுட்டேன். போன மாசம்தான் அவரோட அம்மாவைக் கூட்டிட்டு வந்தோம். அந்த ரூம்லதான் இருக்காங்க. இருக்கறது ரெண்டே ரூம்பா."

படகில் மணி அடித்தார்கள். மைக்செட்டின் நாக்கில் பதில் தயாராக வந்து நின்றது: அதனால என்னம்மா, சும்மாதான் கேட்டேன், எனக்கு இங்கே ஆயிரம் வேலை. சொல்லியிருந்தால் அவளும் அழுதுகொண்டே ஏறிப் போயிருப்பாள். பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினார்.

"முடியலைம்மா" என்றார். "சாயங்காலமானா வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு."

அவள் தோளிலிருந்து பையை இறக்கித் துறையின் சிமெண்டுப் பெஞ்சில் வைத்தாள். படகிலிருந்து கூப்பிட்டவர்களிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். போனை எடுத்துக் கணவனிடம், "நான் இன்னைக்கு வரலை" என்றாள். "தெரியலை. நாளைக்கும் வர மாட்டேன்னு நினைக்கிறேன். அப்பாகூட இருக்கேன். இல்லை, அவர் நல்லா இல்லை."

படகு கிளம்பிவிட்டது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தாள். மைக்செட் போய் உட்கார்ந்தார்.